தையல் கீழே, வலி மேலே

எட்டாம் மாதம் முடியும் தறுவாயில் எனக்கு மறுபடி வாந்தி ஆரம்பித்தது. பிரசவத்துக்கு உதவ மதுரையிலிருந்து எங்கள் கொல்கத்தா நியூ டவுன் ஃபிளாட்டுக்கு வந்திருந்த அம்மா, பிள்ளைக்கு முடி முளைக்கிறது என்றாள். நான் காகிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளி அம்மாள், கேஸ்தான், வாய்வு என்று ஓமத் தண்ணீர் கொண்டுவந்தார். இந்த ஊரில் எந்த நோவுக்கும் முதல் பெயர் கேஸ். என் டாக்டரும் அதையே சொல்லி மாத்திரையை மாற்றினார்.

எனக்கோ குடம் குடமாய்க் குடித்தாலும் தாகம் அடங்கவில்லை. ஆபீஸ் வீடியோ காலில் என் முகத்தைப் பார்த்தபோது கண்கள் மஞ்சளாய்த் தெரிந்தன. மறுநாளே டாக்டரிடம் போய் ரத்தம் எடுக்கச் சொன்னேன். நெட்டில் கண்டதைப் படிக்காதீர்கள் என்றார். ரத்தம் எடுக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று அரைகுறை வங்காளத்தில் சொல்லி, நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ரிப்போர்ட் வந்ததும் அவரே ஆம்புலன்ஸுக்கு போன் செய்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மூத்த பெண் டாக்டர் விளக்கினார்: கர்ப்பத்தின் கடைசியில் அபூர்வமாய்ச் சிலருக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்து அது செயலிழக்கும், குழந்தையை வெளியே எடுப்பதுதான் வழி. அன்றே ஆபரேஷன். பெண் குழந்தை. எடை குறைவு, குரல் மட்டும் பெரிது.

என் ஈரல் தேறத் தொடங்கியது. எல்லோரும் நிம்மதியான நேரத்தில் மேல்வயிற்றில் ஒரு வலி கிளம்பி முதுகு வரை துளைத்தது. தையல் வலி என்றார் டூட்டி டாக்டர்.

"அவங்களுக்குத் தெரியாததா? கொஞ்ச நேரம் படு" என்றான் கணவன்.

"தையல் கீழ இருக்கு, வலி மேல இருக்கு. பெரிய டாக்டரக் கூப்பிடு. அவங்க வர்ற வரைக்கும் நான் படுக்கப் போறதில்ல."

கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் முணுமுணுத்தார். மூத்த டாக்டர் வந்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், புதிதாக ரத்தம் எடுக்கச் சொன்னார். கணையம் வீங்கியிருந்தது. இந்த ஈரல் நோயின் பின்னாலேயே சிலருக்குக் கணையமும் வீங்கும், ஈரல் தேறும்போது வருவதால் கவனம் தப்பிவிடும் என்றார். பிறகு டூட்டி டாக்டரிடம், இனி தினமும் இதையும் சோதிக்க வேண்டும் என்றார்.

வாய்வழியாக ஒன்றும் கூடாது, டிரிப் மட்டும். அம்மா கஞ்சியைக் கொண்டுவந்து, கொடுக்க முடியாமல் அழுதாள். வலி விட்டுப்போக நாளாயிற்று. தேறி, மகளைத் தூக்கிக்கொண்டு என் காலாலேயே நடந்து வெளியே வந்தேன்.

அவளுக்கு முதல் சோறு ஊட்டிய அன்று கணவனின் அத்தை வந்திருந்தார். எனக்கு வந்த நோய்க்குக் கொல்கத்தாவின் கடுகெண்ணெயும் மீனும்தான் காரணம், எட்டு மாதம் வரை வேலை பார்த்ததும்தான் என்றார். பிறகு, "பொம்பளைன்னா பொறுத்துக்கணும்மா. டாக்டர்ககிட்டயா சண்டை போடுறது?" என்று கேட்டார்.

"பொறுத்திருந்தா, இன்னைக்கு இவளுக்கு ஊட்ட நான் இருந்திருக்க மாட்டேன் அத்தை. மறுபடி வலிச்சாலும் சண்டைதான் போடுவேன்."

பாயசச் சோற்றை மகளின் வாயில் வைத்தேன்.