டீ நல்லா இல்லீங்க

தொண்டைப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. அப்போது போன ருசி நாக்குக்குத் திரும்பவே இல்லை. சாம்பாரும் பாயசமும் எனக்கு ஒன்றுதான்.

நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். காலையில் சரவணம்பட்டி வரை நடந்து, அங்கே ஒரு பேக்கரியில் டீ குடிப்பேன். சூடு மட்டும் தெரியும். "எப்படிங்ணா இருக்குது?" என்பார் டீ மாஸ்டர். "நல்லாருக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

இன்றைக்கு முதல் வாயிலேயே கசந்தது.

இன்னொரு வாய் குடித்தேன். சந்தேகமே இல்லை. பலதடவை கொதித்த தூள், அதை மறைக்க அள்ளிப் போட்ட சர்க்கரை.

"ஏனுங்க, டீ நல்லா இல்லீங்களே" என்றேன். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங்ணா, இத்தன நாளா இதே டீயத்தானுங்க குடிச்சீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் பழைய தூளைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஒரு டீ போட்டுக் கொடுத்தார். நான் குடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதுவும் சுமார்தான். அதையும் சொன்னேன்.

வெளியே வந்து மனைவிக்கு போன் செய்தேன். "இங்க டீ படுமோசம் அம்மணி."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "அப்ப இனி எஞ் சமையலையும் குத்தம் சொல்லுவீங்கன்னு சொல்லுங்க."

சரவணம்பட்டிப் பக்கம் நல்ல டீ எங்கே கிடைக்கும்? விசாரித்துவிட்டுச் சொல்லாதீர்கள், குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.