அலமாரி மாறிய பிரான்ஸ்

மூன்று நாட்டு அரசாங்கங்களை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தார் எங்கள் பேராசிரியர். திருவனந்தபுரத்து லைப்ரரியில் இங்கிலாந்து கிடைத்தது, சுவிட்சர்லாந்தும் கிடைத்தது. பிரான்ஸைத்தான் காணவில்லை. மறுநாள் கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும்.

புத்தகங்களை அடுக்கும் சிப்பந்தி, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, வாசலருகே நின்று பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். தினமும் பத்திரிகையைக் கடைசி வரி வரை படித்த பிறகுதான் புத்தகங்களைத் தொடுவார்.

"பிரான்ஸ் அரசாங்கத்தைப் பத்தின புஸ்தகம் எங்கே?" என்று கேட்டேன்.

"சரித்திர அலமாரியிலே பாரும், தம்பி."

"போன வாரம் அரசியல் அலமாரியிலே இருந்ததே?"

"போன வாரம் அந்த அரசாங்கமும் இருந்ததல்லே? ஜெர்மன்காரன் பாரிஸுக்குள்ளே வந்தாச்சு. இனி அது சரித்திரமாக்கும்."

போய்ப் பார்த்தேன். போலந்தும் பெல்ஜியமும் ஏற்கெனவே அங்கே குடியேறியிருந்தன. பிரான்ஸை எடுத்துக்கொண்டு திரும்பியவன், குறும்பாக நம் திருவிதாங்கூர் நிர்வாகத்தைப் பற்றிய புத்தகம் எங்கே என்று கேட்டேன். அவர் இரண்டு பக்கமும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு, அரசியலுக்கும் சரித்திரத்துக்கும் நடுவில் கிடந்த தன் ஸ்டூலைக் காட்டினார். புத்தகம் அதன் மேல் இருந்தது.

"இதை ஏன் இன்னும் அடுக்கல்லே?"

"அங்கேயே இருக்கட்டும். எப்போ வேணும்னாலும் தூக்கி வைக்கச் சௌகரியமல்லே?"

முகத்தில் சிரிப்பே இல்லை. கேலி செய்தாரா, வேலை முறையைச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து நான் பத்திரிகை வாங்குவதை நிறுத்திவிட்டேன். காலையில் போய் அந்த ஸ்டூலைப் பார்த்துவிட்டு வந்தால் போதுமாக இருந்தது.