வளைத்தால் துள்ள வேண்டும்

பேச்சிச்செல்வியின் விரல்கள் மாங்கிளையின் நுனியை வளைத்துப் பார்த்தன. வளைந்தது அப்படியே துவண்டு தொங்கியது. அடுத்ததும் அப்படித்தான். ஈரச் சாக்கில் வந்த அத்தனையும் செம்பு நிறத் தளிர்.

“என்ன தம்பி, பார்த்துப் பார்த்து இளசாப் பொறுக்கியிருக்கீய?”

ஜெயகணேஷ் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். முந்தின நாள் காற்றில் அவர் வீட்டு மாமரம் வேரோடு சாய்ந்துவிட்டது. மனைவி உமாராணி கொட்டை போட்டு வளர்த்த மரம். அந்த ருசிக்கு வேறு மரம் கிடையாது. ஒட்டுக்கன்றாகவாவது அதைப் பிழைக்க வைத்துவிட வேண்டும் என்று திருச்செந்தூர் சாலை நர்சரிக்கு ஓடி வந்திருந்தார். தளதளவென்று இருப்பதில்தான் உயிர் இருக்கும் என்பது அவர் நினைப்பு.

“இதுல இருக்கது வெறும் தண்ணி. ஒட்டுனா ரெண்டு நாள்ல கருவாடு” என்றாள் பேச்சிச்செல்வி.

செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேலைக்கு வந்தவள் அவள். பட்டுப்போன ஒட்டுகளை அவிழ்த்துக் கீறிப் பார்த்தே ஒட்டுக்கட்டக் கற்றுக்கொண்டாள். இளந்தண்டு நீரின் பலத்தில் நிமிர்ந்து நிற்கும். போகப் போக உள்ளே நீரேற்றும் குழல்களின் சுவர் தடித்து இறுகும், வெளியே பட்டை கட்டும், தண்டு மரமாகும். முழுக்க மரமாகிவிட்டாலும் லேசில் ஒட்டாது. பச்சை மங்கிச் சாம்பல் ஏறத் தொடங்கும் பருவம் வேண்டும். வளைத்து விட்டால் துள்ளி நிமிர வேண்டும்.

அந்தப் பருவத்துக் கிளைகள் சாய்ந்த மரத்திலேயே கிடந்தன. மரத்தை அள்ள ஜேசிபி கிளம்பிவிட்டது. ஜெயகணேஷ் போனில் கத்திக்கொண்டே பைக்கை உதைத்தார். அவர் போய்ச் சேர்வதற்குள் உமாராணி ஜேசிபிக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தன்னையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகச் சொன்னாளாம்.

இரண்டாவது சாக்கு வந்தது. முதல் கிளை முறிந்தது. அடுத்தது விரலை விட்டுத் துள்ளி நிமிர்ந்ததும் பேச்சிச்செல்வி கத்தியை எடுத்தாள். சரிவாகச் சீவி, நாட்டுமாங்கன்றில் பொருத்தி, பிளாஸ்டிக் நாடாவால் இறுகக் கட்டி, ஈரம் காயாதபடி மேலே குச்சி ஐஸ் பிளாஸ்டிக் கவரை மாட்டினாள். அதே மாதிரி இன்னும் சில கட்டினாள்.

ஒவ்வொன்றாகக் கருகின. கடைசி ஒன்றில் மொட்டு உப்பி, ஒரு காலையில் பிளந்து செம்பு இலை எட்டிப் பார்த்தது. அவள் தண்ணீர் ஓஸைக் கீழே போட்டுவிட்டுப் போனை எடுத்தாள். அடுத்த பஸ்ஸில் உமாராணி வந்து நின்றாள். ஆனால் பேச்சிச்செல்வி கன்றைத் தரவில்லை. இந்தத் தளிரும் முற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். உமாராணி வாரம் தவறாமல் வந்து, முனங்கிக்கொண்டே போனாள்.

இலை கரும்பச்சையாகித் தண்டில் சாம்பல் ஏறிய பிறகு பேச்சிச்செல்வியே கூப்பிட்டாள்.

“இன்னைக்கு நீயே வளைச்சுப் பாரு, ஏளா.”

உமாராணி பயந்து பயந்து வளைத்து விட்டாள். தண்டு துள்ளி நிமிர்ந்தது. பேச்சிச்செல்வி கன்றைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள்.