ஒரே அணியும் மச்சாளின் விரதமும்

என் கணவரின் அக்காவுக்கு நீரிழிவு. எனக்கு அவர் மச்சாள் முறை. ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். போன வருடம் ஓர் ஆய்வுக் குழு, தமிழரின் நீரிழிவைப் பற்றி ஆராய்கிறோம் என்று சொல்லி அவரையும் சேர்த்துக்கொண்டது. முதல் கூட்டத்துக்கு நான்தான் பிக்கரிங்கிலிருந்து வந்து அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

மருந்தைக் கவனிக்க ஒரு டொக்டர், சாப்பாட்டைக் கவனிக்க ஓர் உணவு ஆலோசகர், கையில் ஒட்டி இரத்தத்தில் சீனியின் அளவைப் பார்க்கும் சென்சருக்கு ஒரு பொறியியலாளர் என்று மூன்று பேர் சிரித்த முகத்தோடு நின்றார்கள். பல துறைகள் கைகோத்தால்தான் நோயாளிக்கு விடிவு என்றார் டொக்டர். "நாங்கள் எல்லோரும் ஒரே அணி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதை மச்சாளுக்குத் தமிழில் சொன்னவள் நான். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மச்சாள் அதை அப்படியே நம்பினார். ஏன் நம்பமாட்டார்? எங்கள் ஆட்களிடையே ஒருவரிடம் சொன்னால் எல்லோரிடமும் சொன்ன மாதிரித்தான். ஸ்காபரோவில் மரக்கறிக் கடையில் நின்று, எனக்குத் தடிமன், மூக்கடைப்பு என்று ஒருவரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டு வீடு வந்து சேர்வதற்குள், கணவர் பக்கத்துச் சொந்தம் போன் எடுத்து மல்லித் தண்ணீர் குடிக்கச் சொல்லும். இந்தத் தொல்லையை நான் எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன்.

பிறகு உணவு ஆலோசகர் தமிழ் தெரிந்த ஒருவரோடு மச்சாளின் வீட்டுக்கு வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் ஒரு நேரச் சாப்பாடு, கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் என்று மச்சாள் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். ஆலோசகரும் என்ன பழம் என்றுகூட ஆவலாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாராம்.

சஷ்டி நெருங்கியபோது எனக்கு மனம் கேட்கவில்லை. மச்சாளுக்குப் போன் எடுத்தேன்.

"விரதம் எண்டு அவையளிட்டச் சொன்னனீங்களோ?"

"ஓம் பிள்ளை, முதலே சொல்லிப்போட்டன். அவையளுக்கு எல்லாம் தெரியும்."

எல்லாம் தெரியுமாம்! அதற்குச் சில வாரங்கள் முன்புதான் டொக்டர் இரத்தப் பரிசோதனை முடிவை மட்டும் பார்த்து, சீனி கூடிவிட்டது என்று அதை இறக்கும் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார். ஒரு நாளும் தவறவிடக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். மச்சாள் சொன்ன சொல் தட்டாதவர். விரதத்தையும் விடவில்லை, மாத்திரையையும் விடவில்லை.

ஐந்தாம் நாள் கோயிலிலிருந்து திரும்பி வரும்போது, பஸ்ஸை விட்டு இறங்கியவர் கண் இருட்டி நடைபாதையில் விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்தது. அம்புலன்சில் வந்தவர்கள் சீனி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்ததாகவும், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆளையே இழந்திருப்போம் என்றும் சொன்னார்கள்.

அடுத்த வாரம் எங்களைக் கூப்பிட்டார்கள். அதே மூன்று பேரும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். டொக்டர் மிகவும் இரக்கமான குரலில் கேட்டார்:

"விரதத்தைப் பற்றி ஏன் எங்களிடம் சொல்லவில்லை?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. விழுந்து கை முறிந்தவர் மீதே பழியா? "அவர் சொல்லித்தான் இருக்கிறார். உங்கள் உணவு ஆலோசகரைக் கேளுங்கள்" என்றேன்.

உணவு ஆலோசகரின் முகம் சிவந்தது. உண்மைதான், தன் ஆய்வுப் பகுதியில் 'உணவுப் பழக்கம்' என்ற தலைப்பின் கீழ் அதைச் சேர்த்திருப்பதாகச் சொன்னார். பொறியியலாளர் தொண்டையைச் செருமினார். வெள்ளிக்கிழமைகளில் சீனி இறங்குவதைத் தான் கணினியில் கண்டதாகவும், சென்சர் சரியாக ஒட்டவில்லையாக்கும் என்று நினைத்து அந்த நாட்களை ஒதுக்கிவிட்டதாகவும் சொன்னார். அந்த அளவுகளை மச்சாளுக்கும் காட்டவில்லை. நோயாளி பார்த்தால் பழக்கத்தை மாற்றிவிடுவாராம், அது ஆய்வுக்குக் கூடாதாம்.

ஒருவருக்குக் காரணம் தெரியும். ஒருவருக்கு விளைவு தெரியும். மாத்திரை கொடுப்பவருக்கு இரண்டும் தெரியாது. மூவரின் அறைகளும் ஒரே மாடியில், ஒரே நடைவழியில். மத்தியானம் ஒரே மைக்ரோவேவில் சாப்பாட்டைச் சூடாக்கிச் சாப்பிடுகிறார்கள். அப்போதெல்லாம் எதைத்தான் கதைப்பார்களோ, ஹொக்கியைப் பற்றியா? இதை நான் மனதுக்குள் நினைக்கவில்லை, வாய்விட்டே கேட்டேன். ஆங்கிலத்தில் இவ்வளவு சத்தமாக நான் அதுவரை கதைத்ததில்லை.

மச்சாள் மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவருக்குக் கோபம் இல்லை. அவர்கள் மூவரையும் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, உவையளுக்குள்ள ஏதும் கோவமே? ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கிறேல்லையோ?"

"என்ன சொல்கிறார்?" என்று டொக்டர் கேட்டார்.

நான் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். அவர் சொல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன்: சண்டை என்றால் சொல்லுங்கள், சமாதானம் செய்து வைக்கலாம்.

ஒருவரும் சிரிக்கவில்லை. உணவு ஆலோசகர் தான் உட்கார்ந்திருந்த கதிரையைப் பொறியியலாளரின் பக்கம் இழுத்துப் போட்டு, "அந்த வெள்ளிக்கிழமைகளை எனக்கு ஒரு தரம் காட்டுங்கள்" என்றார். டொக்டரும் எழுந்து வந்து அவர்களின் பின்னால் நின்று கணினியைக் குனிந்து பார்த்தார்.

அந்தக் கதிரை அவ்வளவு தூரம் நகர்வதற்கு என் மச்சாளின் கை முறியவேண்டியிருந்தது.