அத்தையின் கல் பாட்டில்

அத்தை வீட்டு ஷோகேஸில் பீங்கான் பொம்மைகளுக்கு நடுவே ஒரு சின்ன பாட்டில் இருக்கிறது. அதற்குள் அவள் வயிற்றிலிருந்து எடுத்த கற்கள். வருகிறவர்களுக்கு அதைக் காட்டாமல் காபி தர மாட்டாள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் அவளுக்கு வேலை. சூளையிலிருந்து வரும் கப்புகளை விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்லது. சத்தம் மந்தமாக இருந்தால் விரிசல், தூக்கிப் போட வேண்டியதுதான். அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்காது. குடம், தேங்காய், என் தலை, எல்லாவற்றையும் தட்டும். பித்தப்பையில் கல், ஆபரேஷன் செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்தும் அவள் மசியவில்லை. “வயித்தக் கிழிச்சப்புறம் நான் எதுக்குடி ஆவேன்? விரிசல் வுட்டது வுட்டதுதான்” என்பாள். வலி வந்தால் சுருண்டு படுப்பாளே தவிர, ஆஸ்பத்திரிக்கு வர மாட்டாள்.

ஒரு மருத்துவக் கல்லூரியில் பதப்படுத்திய மனித உடல்களைப் பொதுமக்களுக்குக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், “கல்லு எங்க குந்திக்கிட்டு இருக்குதுன்னு பாத்துடலாம், வாடி” என்று அவளே என்னை பஸ் ஏற்றினாள்.

அடேயப்பா, எப்பேர்ப்பட்ட காட்சி! மூளை, இதயம், நூல் நூலாக நரம்புகள். நான் வாயைப் பிளந்து நின்றேன். அத்தை பழக்க தோஷத்தில் ஈரல் மிதந்த ஜாடியை டக்கென்று தட்டிவிட்டாள். ஈரல் அசைந்தது. “ஐயோ, உசுரு இருக்குது!” அவள் போட்ட கூச்சலில் பின்னால் நின்ற கூட்டமே சிதறியது. “அம்மா, தட்டாதீங்க!” என்று ஓடிவந்த மாணவனும் சிரித்துவிட்டான்.

அடுத்த மேஜையில் ஒரு பெரியவரின் உடல். வயிற்றில் நீளமாக ஒரு தழும்பு. அத்தை குனிந்தாள்.

“தம்பி, இது செத்தப்புறம் தச்சதா?”

“இல்லம்மா, எப்பவோ ஆபரேஷன் பண்ணது. நல்லா ஆறியிருக்கு பாருங்க. அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் இருந்திருப்பாரு.”

அத்தை அந்தப் பெரியவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். “கூடிப்போச்சுடி! தோலு கூடிக்குதுடி!” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். திரும்பும்போது சேத்தியாத்தோப்பு வரை பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் அதே கதைதான். அந்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள்.

இப்போது எனக்குக் கழுத்தில் கட்டி. ஆபரேஷன் என்றார்கள். பயத்தில் நேற்று அத்தையிடம் போய் அழுதேன். ஷோகேஸைத் திறந்து பாட்டிலை என் கையில் வைத்தாள். பிறகு விரல் முட்டியால் என் தலையில் ஒரு தட்டு தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டாள்.

“கணீர்னு இருக்குதுடி. போயிட்டு வா.”