சந்தனம் அடைத்த துளை

அக்கா என்னை அழைக்கிறாள் என்றால் அவள் வீட்டில் ஏதோ பழுதாகியிருக்கிறது என்று அர்த்தம். நான் சித்தாண்டியில் கல்யாணம் முடித்துப் போனவன். பழுகாமத்தில் நாங்கள் பிறந்த வீடும் அதோடு சேர்ந்த வட்டை வயற்காணியும், எங்கள் பக்கத்து வழக்கப்படி, சீதனமாக அக்காவுக்குப் போய்விட்டன. அதில் எனக்கு மனக்குறை இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். பச்சைப் பொய்.

"தம்பி, லெப்டொப் ஓடுதில்லடா. வந்து வின்டோஸ் போட்டுத் தா."

அந்த மடிக்கணினியும் என்னுடையதுதான். கொரோனா நேரம் பிள்ளைகளின் படிப்புக்கென்று வாங்கிப் போனாள். திரும்பி வரவில்லை. அதற்குள் அப்பாவின் வீடியோ ஒன்று கிடந்தது. அறுவடையன்று நான் கைபேசியில் எடுத்தது. "வெட்டுற மிஷின் வந்து நிக்கிது, இவர் படம் புடிக்கிறார். உன்னையெல்லாம் நம்பி வயல் செய்யேலுமாடா?" என்று வரப்பில் நின்று ஏசுவார். ஏசி முடிக்கும்போது அடக்க முடியாமல் சிரித்துவிடுவார். அவர் போன பிறகு அவருடைய குரல் வேறு எங்கும் இல்லை. எடுத்த கைபேசி வாவிக்குள் விழுந்து தொலைந்தது. அந்த வீடியோவைக் கொப்பி எடுத்துத் தாருங்கள் என்று அக்காவின் புருஷன், என் அத்தானிடம் எத்தனையோ தரம் கேட்டேன். "மறுகா பாப்பம்" என்பார். அந்தப் பிறகு வரவே இல்லை.

வின்டோஸை அப்படியே போட்டால் எல்லாம் அழிந்துவிடும். அதனால் பென்டிரைவ் ஒன்றில் வேறொரு இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டு போனேன். அதிலிருந்து கணினியைக் கிளப்பினால், உள்ளே இருப்பதற்குச் சேதமில்லாமல் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

கிளம்பினால்தானே! திரையில் வந்த பட்டியலில் பென்டிரைவைக் காணோம். பயாஸ் அமைப்புக்குள் போய்க் கிளம்பும் வரிசையை மாற்றினேன். வெளி இயங்குதளத்தைத் தடுக்கும் 'செக்கியூர் பூட்' காவலை நிறுத்தினேன். கையோடு கொண்டுபோன என் புதுக் கணினியில் பென்டிரைவை மறுபடி எழுதினேன். மசியவில்லை. "கடையில குடுத்திருந்தா இதுக்குள்ள முடிச்சிருப்பான்," என்றார் அத்தான், கதிரையில் சாய்ந்துகொண்டு. பென்டிரைவைக் கழற்றினேன்.

அந்தக் கணினியில் பென்டிரைவ் செருகும் இரண்டு துளைகளில் ஒன்று முன்பே உடைந்துபோனது. மிஞ்சிய துளைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். உள்ளே மஞ்சளாக இறுகிக் கிடந்தது சந்தனம். சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு கணினியையும் வைத்திருக்கிறார்கள். பொட்டு வைக்க அவ்வளவு பெரிய மூடி இருக்க, இந்தத் துளைதான் கண்ணில் பட்டிருக்கிறது.

"சாமிக்கு வச்சது, குறை சொல்லாத," என்றாள் அக்கா.

கணினியை நிறுத்தி, ஊசியால் சுரண்டி எடுத்தேன். பிறகு பென்டிரைவைச் செருகினேன். கிளம்பிவிட்டது! வன்தட்டைத் திறந்தேன். என் பெயரில் கோப்புறை இருந்தது. அதற்குள் ஒன்றுமில்லை.

"அதுவா? மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோ போட இடம் காணல்ல. பழசெல்லாத்தையும் அழிச்சன்," என்றார் அத்தான், தூசி தட்டியதைச் சொல்வதுபோல.

அழிந்ததை மீட்கும் மென்பொருளையும் ஓடவிட்டேன். பலனில்லை. அப்பா இருந்த இடத்தில் சாமத்திய வீடு ஏறி உட்கார்ந்திருந்தது.

"என்னத்துக்கு முகத்தத் தூக்கி வச்சிருக்காய்?" என்றாள் அக்கா. "அதில அப்பா உனக்கு ஏசுறார், அவ்வளவுதானே?"

"ஓம், அவ்வளவுதான்," என்றேன்.

வீடு அவளுக்கு, வட்டை அவளுக்கு. அப்பாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஏச்சு ஒன்றுதான்.

"சாமத்திய வீட்டு வீடியோவ முதல்ல பத்திரமா எடுத்து வச்சிட்டு வின்டோஸப் போடு," என்றார் அத்தான். "அது போனா மறுகா எடுக்கேலாது."

பத்திரமாக எடுத்து வைத்தேன்.