மூன்றாம் ஓலை

எங்கள் சபையில் ஒரு திருமணத்துக்கு முந்திய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆராதனையின் நடுவே மணமக்களின் பெயர்களைப் போதகர் வாசிப்பார். ஓலை வாசித்தல் என்று அதைச் சொல்வோம். வாசித்த பின், இத்திருமணத்துக்குத் தடை அறிந்தவர் எவரேனும் இருந்தால் தெரிவிக்கலாம் என்று கூறிச் சற்றே நிறுத்துவார். அந்த இடைவெளியில் எவரும் எழுந்து நின்றதாக ஈரோட்டுச் சபையின் மூத்தவர்களுக்கே நினைவில்லை. எட்டு வயதில் நான் எழுந்து நின்றேன்.

அன்று வாசிக்கப்பட்டது என் அத்தையின் மூன்றாவது ஓலை.

அம்மா இறந்தபோது எனக்கு இரண்டு வயது. அப்பாவுக்குச் சரக்கு ரயிலில் கார்டு வேலை. போனால் இரண்டு நாள் கழித்து வருவார், வந்தால் பகலெல்லாம் உறங்குவார். அவருடைய தங்கையாகிய அத்தைதான் எங்கள் ரயில்வே குடியிருப்பில் தங்கி என்னை வளர்த்தார். தலை வாரிவிட்டது, ஜெபிக்கக் கற்பித்தது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டது எல்லாம் அவர்தாம். அவர் இல்லாமல் ஒரு வீடு இருக்கக்கூடும் என்று நான் எண்ணியதில்லை.

மாப்பிள்ளை பவானியைச் சேர்ந்த ஆசிரியர். ஞாயிறுதோறும் சைக்கிளில் வந்து, அத்தை பாடும் அதே பாடகர் குழுவில் பாடுவார். நல்ல மனிதர். எனக்குக் கடலை மிட்டாய் தருவார், நானும் வாங்கித் தின்பேன். அவருக்கு வெள்ளகோவிலுக்கு மாற்றல் ஆகியிருந்தது. திருமணம் முடிந்ததும் அத்தை அவருடன் அங்கே போய்விடுவார் என்றும், தங்கையின் புகுந்த வீட்டில் தன் மகளை விடுவது முறையாகாது என்று அப்பா கருதியதால் நான் கோயமுத்தூரில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்கப்படுவேன் என்றும் முடிவாகியிருந்தது. எனக்காக ஒரு தகரப் பெட்டி வாங்கி, மூடியில் என் பெயரையும் எழுதி வைத்திருந்தார்கள்.

முதல் இரண்டு ஞாயிறுகளிலும் அந்த இடைவெளியை நான் கவனித்தேன். யாராவது எழுந்து சொன்னால் திருமணம் நின்றுவிடும் என்று போதகரே சொல்கிறாரே, ஏன் ஒருவரும் சொல்வதில்லை என்று வியந்தேன். மூன்றாம் ஞாயிறன்று, எனக்காக வேறு ஒருவரும் எழப்போவதில்லை என்பது விளங்கியது.

"எனக்குத் தடை இருக்குதுங்க ஐயா" என்றேன். "அத்தை போயிட்டா எங்க ஊட்டுல ஆருமே இருக்க மாட்டாங்க."

சபை சிரித்தது. பின் வரிசையிலிருந்த ஒரு பெண்மணி, "ஏனம்மணி, மாப்பிள்ளைய நீயே கட்டிக்கிறயா?" என்று கேட்க, சிரிப்பு இன்னும் பெருகியது. போதகர் மட்டும் சிரிக்கவில்லை. அது தடை ஆகாது, உட்கார் என்று மென்மையாகச் சொல்லிவிட்டு அடுத்த பாட்டின் எண்ணை அறிவித்தார். பாடகர் குழுவில் எல்லோரும் எழுந்தார்கள். அத்தை எழ ஒரு கணம் தாமதித்தார்.

பிற்பகலில் போதகர் வீட்டுக்கு வந்தார். குழந்தையின் பேச்சைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, ஓலை முறைப்படி முடிந்தது, குறித்த நாளில் திருமணம் நடக்கும் என்று சொல்லித் தேநீர் அருந்திப் போனார். அப்பா என்னை அடிக்கவில்லை. விடுதியில் இரண்டு வாரம் அழுவாள், பிறகு பழகிவிடும் என்று அத்தைக்கு ஆறுதல் சொன்னார். அத்தை சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் கதவில் காதை வைத்துக் கேட்டேன். அழுகை இல்லை, ஜெபச் சத்தமும் இல்லை. வெளியே ஒரு சரக்கு வண்டி நெடுநேரம் கடந்துகொண்டிருந்தது. வெயில் தாழ்ந்த பிறகு கதவு திறந்தது. அத்தை முகம் கழுவியிருந்தார்.

"அண்ணா, நாளைக்கே ஐயாகிட்டச் சொல்லிப்போடுங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமுங்க. ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுத்துட்டேன்."

அப்பா திகைத்து எழுந்தார். சின்னப் பிள்ளை உளறியதற்காகவா, ஊர் என்ன பேசும், அந்த மனிதருக்கு என்ன பதில் சொல்வது என்று அடுக்கிக்கொண்டே போனார். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆரும் எங்கிட்டிருந்து புடுங்கலீங்கண்ணா. நானாத்தான் குடுத்தேன்."

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை வந்தார். வாசலில் சைக்கிளைப் பிடித்தபடியே நின்று பேசினார். இவள் வளரும்வரை காத்திருக்கிறேன் என்று அவர் சொன்னதையும், அத்தை வேண்டாம் என்று தலையசைத்ததையும் ஜன்னல் வழியே கண்டேன். எனக்கு அவர்மேல் இரக்கம் ஏதும் தோன்றவில்லை. என் சொல்லுக்கு ஆலயத்தில் இவ்வளவு வலிமை உண்டு என்பதே பெருமையாக இருந்தது. பள்ளியில் நான்கு பேரிடம் சொன்னேன். தகரப் பெட்டியில் அத்தை அரிசி கொட்டி வைத்தார்.

நம் விருப்பத்தைத் தேவனுக்கு ஒப்புக்கொடுத்தலைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டுவிட்டேன். அவற்றில் கொடுப்பவரின் மனம் லேசாகிவிடுவதாகவே சொல்கிறார்கள். அத்தையின் மனம் லேசானதா என்று எனக்குத் தெரியாது. அன்று அவரிடம் கேட்டது ஆண்டவரா, நானா என்பதும் இன்றுவரை தெளியவில்லை. இறுதிவரை அவர் அதை ஒரு சொல்லாலும் எனக்குச் சுட்டிக்காட்டியதில்லை. எங்கே கொடுத்தாரோ அங்கேயே அதை விட்டுவிட்டார் என்று மட்டும் சொல்லத் துணிவேன்.

மறு ஆண்டு அந்த ஆசிரியருக்கு எங்கள் ஆலயத்திலேயே வேறொரு பெண்ணுடன் திருமணம் நடந்தது. அத்தை பாடகர் குழுவில் நின்று எல்லாப் பாடல்களையும் பாடினார். விருந்தில் எனக்குப் பரிமாறினார், மணமகளின் கையைப் பிடித்து வாழ்த்தினார். வீட்டுக்கு வந்ததும் தலை வலிக்கிறது என்று பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பகலில் அவர் படுத்து நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் நெற்றியில் கை வைத்தேன்.

"வெளிய போயி வெளையாடு கண்ணு" என்றார், திரும்பாமலே. "நாங் கூப்புடறப்ப வந்தாப் போதும்."

விளக்கு வைக்கும் வேளைக்கு முன்பே என்னைத் தேடி வாசலுக்கு வந்துவிடுகிறவர் அவர். அன்று மற்றப் பிள்ளைகள் எல்லோரும் வீடு திரும்பிய பின்னும் என்னை அழைக்கும் குரல் கேட்கவில்லை. இவ்வளவு நேரம் விளையாட விட்டாரே என்று மகிழ்ந்து, தனியாகவே இன்னும் ஓர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தேன்.